மதில் முதல் மதில் வரை: வளரும் ஊரின் தெரு வடிவமைப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெடுஞ்சாலையை ஒட்டிக் கம்பெனிகள் வருகின்றன. கம்பெனிகளை ஒட்டி மனைப்பிரிவுகள் வருகின்றன. போன பொங்கலுக்குக் கரும்பு நின்ற நிலத்தில் இந்தப் பொங்கலுக்குக் கல் நட்டுக் கொடி கட்டியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் எந்தப் பக்கம் பயணித்தாலும் இப்படி வளர்ந்துகொண்டிருக்கும் ஊர் ஒன்று கண்ணில் படுகிறது. நான் நகராட்சிப் பொறியியல் பிரிவில் பல ஆண்டுகள் தெருக்களுக்கு எஸ்டிமேட் தயாரித்தவன். ஓய்வுபெற்ற பிறகு, குடியிருப்போர் சங்கங்கள் கூப்பிடும் இடங்களுக்குப் போய்ப் பேசுகிறேன். அங்கே திரும்பத் திரும்ப எழும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

தெருவுக்கு எதற்குத் தர விதிகள்? நல்ல தார் போட்டால் போதாதா?

போதாது. தார் என்பது தெருவின் ஒரு பகுதி மட்டும். எஸ்டிமேட்டில் நீளம், அகலம், கனம் என்று மூன்று எண்கள் இருக்கும். அதில் வரும் அகலம் தாரின் அகலமே தவிர, தெருவின் அகலம் இல்லை. தாருக்கும் வீட்டு மதிலுக்கும் நடுவில் மிஞ்சுவதை "ஓரம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். நானும் அப்படித்தான் பல ஆண்டுகள் எழுதினேன். ஆனால் பள்ளிக்கு நடந்து போகிற பிள்ளையும், ரேஷன் கடைக்குப் போகிற பாட்டியும், மின்கம்பமும், வடிகாலும், மரமும், காய்கறி வண்டியும் அந்த ஓரத்தில்தான் இருக்கின்றன. எஸ்டிமேட்டில் இடம் பெறாத எதற்கும் தெருவிலும் இடம் கிடைப்பதில்லை.

அதனால் நான் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் ஒரு டேப் கேட்பேன். ஒரு மதிலிலிருந்து எதிர் மதில் வரை இழுத்துப் பிடித்து அளக்க வேண்டும். ஒரு ஊரில் விடியற்காலை ஆறு மணிக்கு நாலைந்து பேர் சேர்ந்து அளந்தோம். பத்திரத்தில் 30 அடி என்று எழுதியிருந்த தெரு அது. மதிலுக்கு மதில் சரியாக 30 அடி இருந்தது. ஆனால் இந்தப் பக்கம் வீட்டுப் படிக்கட்டு இரண்டரை அடி, எதிர்ப்பக்கம் கார் ஏறும் சிமெண்ட் சரிவு மூன்றரை அடி, அதற்கு முன்னால் நட்டிருந்த மின்கம்பம், அதை ஒட்டிக் கொட்டியிருந்த ஜல்லிக் குவியல் எல்லாம் போக, ஆளும் வண்டியும் சேர்ந்து போக மிஞ்சியது 19 அடி. தெருக்காரர்கள் அத்தனை பேரும் அந்த டேப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தர விதி என்பது அந்த 30 அடியில் எது எங்கே, எத்தனை அடியில் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்து எழுதி வைப்பதுதான்.

இதற்கெல்லாம் அரசு விதிகள் உண்டா?

உண்டு, ஆனால் ஒரே இடத்தில் இல்லை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு வெளியிடும் ஐஆர்சி விதிநூல்களே அடிப்படை. நடைபாதைக்கு ஐஆர்சி 103, நகரச் சாலைகளின் வடிவத்துக்கு ஐஆர்சி 86, வேகத்தடைக்கு ஐஆர்சி 99. புதிய மனைப்பிரிவுகளில் தெரு அகலம் எவ்வளவு, பூங்காவுக்கு எவ்வளவு இடம் என்பதைத் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 சொல்கின்றன. சரிவுப்பாதை, பார்வையற்றவர் காலால் தொட்டுணர்ந்து நடக்கும் தரைக்கல் போன்றவற்றுக்கு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பின்பலமாக நிற்கிறது. தெருவோர வியாபாரிகளுக்கு 2014ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது.

வாகனங்களை அல்ல, மனிதர்களை நகர்த்துவதே நோக்கம் என்று 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை சொன்னது. நடப்பவருக்கும் மிதிவண்டிக்காரருக்கும் முன்னுரிமை தரும் கொள்கையைச் சென்னை மாநகராட்சி 2014இல் ஏற்றது. தடையில்லாத நடைபாதை அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொல்லியிருக்கிறது. இத்தனையும் பெரிய நகரங்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். சிறிய ஊருக்குத்தான் இவை கூடுதலாகப் பயன்படும், ஏனென்றால் அங்கே இன்னும் இடம் பறிபோகவில்லை.

23 அடி, 30 அடி, 40 அடி என்கிறார்கள். அதை எப்படிப் பிரிப்பது?

எப்போதும் மதிலிலிருந்து உள்நோக்கிப் பிரிக்க வேண்டும். முதலில் நடப்பவருக்கு, அடுத்து மரம், விளக்கு, கம்பத்துக்கு, மீதம் இருப்பதில் வண்டிக்கு. நடுக்கோட்டிலிருந்து வெளிநோக்கிப் பிரித்தால் நடப்பவருக்கு எதுவும் மிஞ்சாது. என் அனுபவத்தில் ஒரு தடவைகூட மிஞ்சியதில்லை.

40 அடி என்றால் சுமார் 12 மீட்டர். இரு பக்கமும் 2 மீட்டர் நடைபாதைக்கு ஒதுக்கினால் 4 மீட்டர் போகும். ஒரு பக்கம் மரமும் வண்டி நிறுத்தமும் மாறி மாறி வர 2 மீட்டர். மீதம் 6 மீட்டரில் இரண்டு கார்கள் எதிரெதிரே தாராளமாகக் கடந்து போகும்.

60 அடி, அதாவது 18 மீட்டர் தெரு பஸ் போகும் தெரு. ஒரு பஸ்ஸின் அகலம் இரண்டரை மீட்டருக்குச் சற்று மேல். போக ஒன்று, வர ஒன்று என 7 மீட்டர் போதும். நடைபாதை ஒவ்வொரு பக்கமும் 2.5 மீட்டர், மரமும் நிறுத்தமும் ஒவ்வொரு பக்கமும் 2 மீட்டர். இன்னும் 2 மீட்டர் மிஞ்சும். அதைக் கடைகள் நெருங்கி இருக்கும் பக்கத்து நடைபாதையோடு சேர்த்துவிடலாம். ஒதுக்காமல் விட்டால் அந்த 2 மீட்டரைக் கார்கள் எடுத்துக்கொள்ளும்.

30 அடியில்தான் யோசிக்க வேண்டும். 9 மீட்டரில் இருபுறமும் 1.8 மீட்டர் நடைபாதை விட்டால் நடுவில் 5.4 மீட்டர் இருக்கும். ஓரத்தில் காரை நிறுத்தாத தெரு என்றால் இது அருமையான அமைப்பு. நிறுத்துகிற தெரு என்றால், ஒரே பக்கத்தில் மட்டும் என்று முடிவு செய்து, 3.5 மீட்டரை வண்டி ஓடும் பாதையாக விட வேண்டும்.

23 அடித் தெருவில் நடைபாதையைத் தனியாகக் கட்ட முயல வேண்டாம். இரண்டடி அகலத்துக்கு ஒரு மேடு கட்டினால் அதில் யாரும் நடக்க முடியாது, வண்டியும் ஒதுங்க முடியாது. மதிலுக்கு மதில் ஒரே மட்டமாகத் தளம் போட்டு, வண்டி ஆளின் வேகத்தில் ஊர்ந்து போகும்படி செய்வதே சரி. நுழைவாயிலிலேயே தளம் சற்று உயர்ந்து, கல்லின் நிறம் மாறினால் ஓட்டுபவருக்குத் தான் வேறொரு இடத்துக்குள் வந்திருப்பது புரியும்.

நடைபாதை எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்?

குடியிருப்புத் தெருவில் எந்தத் தடையும் இல்லாமல் 1.8 மீட்டர், கடைத்தெருவில் 2.5 மீட்டர், பஸ் நிறுத்தத்தில் 3 மீட்டர். இது கம்பம், பெயர்ப்பலகை, மின்பெட்டி எல்லாவற்றையும் கழித்த பிறகு கிடைக்க வேண்டிய அகலம். 1.8 மீட்டர் என்பது எங்கிருந்தோ வந்த எண் அல்ல. இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே கடந்து போகத் தேவைப்படும் அகலம் அது. தரையிலிருந்து 2.2 மீட்டர் உயரம் வரை கிளையோ விளம்பரப் பலகையோ தொங்கக் கூடாது.

உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நடைபாதை உயரமாக இருந்தால் பாதுகாப்பு என்று நம் ஊர்களில் ஓர் எண்ணம் இருக்கிறது. வடிகால் மேல் ஸ்லாப் போட்டு, அதையே நடைபாதை என்று ஒன்றரை அடி உயரத்தில் விட்டுவிடுவார்கள். மூட்டுவலி உள்ள ஒருவர் அதில் ஏறிப் பார்க்கட்டும்.

ஒரு கடைத்தெருவில் கையில் அரிசிப் பையோடு நடந்த ஒரு பாட்டிக்குப் பின்னால் நானும் நடந்தேன். நூறு மீட்டர் தூரத்தில் பதினொரு இடத்தில் நடைபாதை இறங்கி ஏறியது. ஒவ்வொரு கேட்டுக்கும் ஒரு வெட்டு. முதல் இரண்டு இடத்தில் பையைக் கீழே வைத்து, கையை ஊன்றி இறங்கி, மறுபடி ஏறினார். மூன்றாவது இடத்தில் தார்ச்சாலைக்கு இறங்கியவர் பிறகு மேலே ஏறவே இல்லை. லாரிகள் பக்கத்தில் உரசிக்கொண்டு போயின. "நடைபாதை போட்டுக் கொடுத்தாலும் ஜனங்கள் ரோட்டில்தான் நடக்கிறார்கள்" என்று குறைபட்டுக்கொள்ளும் அதிகாரிகளிடம் நான் அந்தப் பாட்டியைப் பற்றித்தான் சொல்கிறேன்.

கேட்டுக்கு முன்னால் கார் ஏறிவர வழி வேண்டாமா?

வேண்டும். ஆனால் நடைபாதை மட்டம் மாறாமல் நேராகப் போக வேண்டும். கார்தான் ஏறி, நடைபாதையைக் கடந்து உள்ளே போக வேண்டும். சரிவு, கெர்ப் கல்லை, அதாவது நடைபாதையின் ஓரக் கல்லை ஒட்டிய ஓரத்தில் ஓரிரு அடிக்குள் முடிந்துவிட வேண்டும். வீட்டுத் தரை உயரமாக இருந்தால் மீதிச் சரிவு மதிலுக்கு உள்ளே வர வேண்டும். தெருவுக்குள் மூன்றடி நீட்டிச் சிமெண்ட் சரிவு போடுவது பொது இடத்தை எடுத்துக்கொள்வதுதான். வீடு கட்டுவதற்கு முன்பே சொன்னால் எந்த மேஸ்திரியும் உள்ளே சரிவு வைத்துக் கட்டிக்கொடுப்பார். கட்டி முடித்த பிறகு சொன்னால் சண்டைதான்.

ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் என் வீடு பள்ளத்துக்குள் போகிறது. இதற்கு என்ன வழி?

எந்த ஊர்க் கூட்டத்திலும் இதைக் கேட்காமல் விட்டதில்லை. கேட்பவரின் குரலிலேயே வேதனை தெரியும்.

பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதிய தாரைப் போட்டால், ஒவ்வொரு தடவையும் ஒன்றரை, இரண்டு அங்குலம் உயரும். ஐந்தாறு முறை போட்டால் ஓர் அடியை நெருங்கிவிடும். ஆசையாகக் கட்டிய வீட்டின் வாசற்படி தெருமட்டத்துக்கு வந்துவிடும், பிறகு கீழே போய்விடும். மழைநீர் கூடத்துக்குள் வரும். வசதி உள்ளவர் ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குகிறார். இல்லாதவர் வாசலில் சிமெண்ட் அணை கட்டுகிறார்.

வழி மில்லிங்தான். இயந்திரத்தால் பழைய மேற்பரப்பைச் சுரண்டி, அதே கனத்துக்குப் புதியதைப் போடுவது. சாலைகளைச் சுரண்டிய பிறகே மறுதளம் போட வேண்டும், மட்டம் உயரக் கூடாது என்று 2021 மே மாதம் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு உத்தரவிட்டார். ஆகவே இது தெருக்காரர்கள் கேட்கும் சலுகை இல்லை, அரசு சொன்ன முறை. வேலை தொடங்கும் முன் எஸ்டிமேட்டில் மில்லிங் என்ற வரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வரி இல்லையென்றால் வேலையும் இருக்காது.

இன்னொன்றும் செய்யலாம். தெருவின் நிரந்தர மட்டத்தைக் குறித்து வைப்பது. தெருமுனையில் இருக்கும் கோயில் படி, சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவர் என்று அசையாத ஒன்றில் கோடு போட்டு, அதிலிருந்து தார் எத்தனை சென்டிமீட்டர் கீழே இருக்கிறது என்று சங்கத்தின் மினிட் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஒப்பந்ததாரர் வரும்போது அந்தக் கோட்டைக் காட்டிப் பேசலாம். ஒரு தெருவில் இதைச் செய்தபோது, பேச்சு பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

வடிகால் கட்டியும் தண்ணீர் நிற்கிறதே?

வடிகால் ஓரத்தில் இருக்கும், தண்ணீர் நடுவில் நிற்கும். சாலையின் முதுகு நடுவில் உயர்ந்து இரு பக்கமும் சரிய வேண்டும். மீட்டருக்கு இரண்டு முதல் இரண்டரை சென்டிமீட்டர் சரிவு போதும். 6 மீட்டர் சாலையில் நடுப்பகுதி ஓரத்தைவிட ஆறேழு சென்டிமீட்டர் உயரம், அவ்வளவுதான். அந்த வாட்டம் இல்லாமல் தட்டையாகப் போட்டால் முதல் மழையிலேயே குட்டை கட்டும், குட்டை கட்டிய இடத்தில் தார் பெயரும்.

அடுத்தது, தண்ணீர் உள்ளே இறங்கும் வாய். பல இடங்களில் வடிகாலின் சுவர் சாலையைவிட உயரமாக இருக்கும், அதில் துளையே இருக்காது. இருக்கும் துளையை மண்ணும் பிளாஸ்டிக்கும் அடைத்திருக்கும். வாய்களை நெருக்கமாக, தாழ்வான இடங்களில் அமைத்து, ஆடி மாதமே தூர்வாரிவிட வேண்டும். ஐப்பசியில் தொடங்கினால் மழைதான் முந்தும்.

எல்லாவற்றுக்கும் மேல், வடிகால் எங்கே போய்ச் சேர்கிறது என்ற கேள்வி. நம் ஊர்கள் ஏரியும் குளமும் ஒன்றுக்கொன்று வாய்க்காலால் கோத்த ஊர்கள். ஓர் ஏரி நிரம்பினால் உபரிநீர் வழியும் கலிங்கு வழியே அடுத்ததற்குப் போகும். மனைப்பிரிவு போடும்போது அந்த வாய்க்காலைத் தூர்த்துவிட்டால், எத்தனை லட்சத்துக்கு வடிகால் கட்டினாலும் தண்ணீர் பழைய வழியைத் தேடிக்கொண்டு வீட்டுக்குள்தான் வரும். தெரு வரைபடம் போடுமுன் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள புல வரைபடத்தில் வாய்க்கால் ஓடும் வழியைப் பார்த்துவிடுவது என் பழக்கம். அதை ஒட்டித் தெருவை அமைத்தால் தெருவும் பிழைக்கும், வாய்க்காலும் பிழைக்கும்.

எங்கள் தெருவில் வண்டிகள் பறக்கின்றன. வேகத்தடை போடச் சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் விதிப்படியானதைக் கேளுங்கள். ஐஆர்சி சொல்லும் வேகத்தடை 3.7 மீட்டர் நீளத்துக்கு மெல்ல ஏறி மெல்ல இறங்கும். அதிகபட்ச உயரம் 10 சென்டிமீட்டர். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு அது உறுத்தாது, அதற்கு மேல் போகிறவரை மட்டும் தூக்கிப் போடும். முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகையும், இரவில் தெரியும் வெள்ளைப் பட்டைகளும் இருக்க வேண்டும். தெருக்காரர்களே ஒரு ராத்திரியில் சிமெண்ட் கொட்டிப் போடும் ஓரடி அகல மேடு வேறு. கர்ப்பிணியை ஏற்றிவரும் ஆட்டோவையும் ஆம்புலன்ஸையும் அது படுத்துகிற பாடு கொஞ்சமில்லை. இருட்டில் இருசக்கர வண்டிக்காரரைக் கீழே தள்ளியும் இருக்கிறது.

என்னைக் கேட்டால், பள்ளி வாசலிலும் கோயில் வாசலிலும் வேகத்தடைக்குப் பதிலாக உயர்த்திய கடவைப்பாதை கேளுங்கள். நடைபாதை மட்டத்துக்கே சாலையை உயர்த்தி, அதன் மேல் ஆட்கள் கடப்பது. பிள்ளைகள் இறங்கி ஏற வேண்டாம், வண்டி தானாக வேகம் குறையும். ஒரே செலவில் இரண்டு வேலை.

சாலையை அகலப்படுத்தினால் விபத்து குறையும் அல்லவா?

ஊருக்குள் நடப்பது பெரும்பாலும் நேர்மாறு. அகலமான, நேரான, வெறிச்சோடிய சாலையில் கால் தானாக ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும். பலகையில் 30 என்று எழுதிவைத்து, சாலையை 80க்கு ஏற்ற மாதிரி அமைத்தால் ஓட்டுபவர் சாலை சொல்வதைத்தான் கேட்பார்.

2022ஆம் ஆண்டில் நாட்டிலேயே அதிகச் சாலை விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு: 64,105. அந்த ஆண்டில் இந்தியா முழுவதும் 32,825 பேர் சாலையில் நடந்து போகும்போது உயிரிழந்தார்கள். நடந்து போனவர்கள்! 30 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். 50ஐத் தாண்டினால் பிழைக்கும் வாய்ப்பு வேகமாகக் குறைகிறது. அதனால்தான் ஆட்களும் வண்டிகளும் கலந்து புழங்கும் தெருக்களுக்கு 30 கிலோமீட்டரே வரம்பாக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

தெருமுனைகளையும் கவனியுங்கள். முனையை அகலமாக வளைத்துவிட்டால் வண்டி பிரேக் பிடிக்காமலே திரும்பும். வளைவை இறுக்கினால் வேகத்தைக் குறைத்துத்தான் திரும்ப முடியும், கடப்பவர் நடக்க வேண்டிய தூரமும் குறையும். குடியிருப்புத் தெருவுக்கு 4 மீட்டர் ஆரம் போதும். அதே நேரம், முனை மனையின் மதில் மூலையைச் சாய்வாக வெட்டிவிட வேண்டும் என்ற விதியை விட்டுக்கொடுக்கக் கூடாது. அது எதிரே வருவதைப் பார்ப்பதற்காக இருக்கிறது.

தீயணைப்பு வண்டி வர முடியாதே?

நியாயமான கவலை. அந்த வண்டியும் பஸ் அளவுதான் அகலம். 3.5 மீட்டர் தடையில்லாமல் இருந்தால் வந்துவிடும். அதை மறிப்பது நடைபாதை இல்லை, இரு பக்கமும் நிறுத்திய கார்கள். நம் கோயில் நகரங்களைப் பாருங்கள். மதுரையில் ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று கோயிலைச் சுற்றி அடுக்கடுக்காக வீதிகள். தேர் ஓட வேண்டிய வீதியில் தேர் திரும்பும் முனை வரை இடம் விட்டார்கள். ஆண்டில் ஒரு நாள் வரும் தேருக்காக மற்ற நாளெல்லாம் அந்த இடத்தை யாரும் அடைக்கவில்லை. அந்த இடத்தில் மக்கள் நடந்தார்கள், கோலம் போட்டார்கள், கடை விரித்தார்கள். வீதி யாருக்கு எவ்வளவு என்று கணக்குப் போடுவது நமக்குப் புதியதில்லை.

காரை எங்கே நிறுத்துவது?

முதலில் வீட்டுக்குள். தெருவில் நிறுத்தம் இருந்தால் கோடு போட்ட இடத்தில், ஒரே பக்கத்தில். கடைத்தெருவில் கட்டணத்தோடு.

தள்ளுவண்டிகளையும் நடைபாதைக் கடைகளையும் அகற்றினால்தானே நடக்க முடியும்?

இந்தக் கேள்வியில் எனக்கு உடன்பாடு இல்லை. சாயங்காலம் கீரைக்கட்டோடு ஓர் அம்மாவும் பூக்காரரும் இருக்கும் தெருவில்தான் இரவு எட்டு மணிக்கும் பெண்கள் தைரியமாக நடக்கிறார்கள். வியாபாரி தெருவின் கண். அவருக்கு இடம் ஒதுக்காததால்தான் அவர் நடக்கும் இடத்தில் உட்கார்கிறார்.

2014ஆம் ஆண்டுச் சட்டப்படி நகர வியாபாரக் குழு அமைக்க வேண்டும். அதில் குறைந்தது நாற்பது சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கணக்கெடுப்பு முடிந்து சான்று வழங்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. வடிவமைப்பில் வழி எளிது: மரங்களுக்கு இடையே உள்ள அந்த 2 மீட்டர் பட்டையில் 2 மீட்டருக்கு 1.5 மீட்டர் என்று கட்டம் போட்டுக் கொடுத்துவிடலாம். நடக்கும் பட்டை காலியாக இருக்கும், கடைக்கு நிழலும் கிடைக்கும்.

என்ன மரம் வைப்பது?

புங்கன், பூவரசு, வேம்பு, மகிழம். நம் வெயிலுக்கு நிழல் தருவதும், நம் காற்றுக்கு ஓரளவு தாங்குவதும் இவைதான். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் சாய்த்த மரங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வேரைச் சுற்றி சிமெண்ட் பூசிய மரம் பிடிப்பில்லாமல் நிற்கிறது. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்கு சிமெண்ட் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் டில்லிக்குச் சொன்னது. அதை நம் ஊருக்கும் விதியாக்கிக்கொள்ளலாம். பேவர் பிளாக் பதிக்கும்போது அடிமரத்தை ஒட்டிக் கல்லை இறுக்கும் வேலையாளிடம், அப்போதே அங்கேயே நின்று சொல்ல வேண்டும். பில் போன பிறகு சொல்லிப் பயன் இல்லை.

மிதிவண்டிக்கும் பஸ்ஸுக்கும் இதில் இடம் உண்டா?

அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாநிலம் விலையில்லா மிதிவண்டி தருகிறது. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இரண்டும் வீட்டுக்குப் பக்கத்திலேயே, தெருவில்தான் பலிக்க வேண்டும். பஸ் இலவசம், ஆனால் நிறுத்தம் வரை ஒன்றரை கிலோமீட்டர் இருட்டில், சாக்கடை ஓரமாக, நாய்களுக்கு நடுவே நடக்க வேண்டும் என்றால் அந்தப் பெண் வேலைக்கு எப்படிப் போவாள்? நிறுத்தம் வரையிலான நடையும் பயணத்தில் சேர்த்தி. தெருவிளக்கை வண்டிக்கு மட்டும் உயரத்தில் வைக்காமல், நடைபாதை மேல் தாழ்வாகவும் வெளிச்சம் விழச் செய்ய வேண்டும். உள்தெருக்களில் வேகம் 30க்குள் இருந்தால் மிதிவண்டிக்குத் தனித் தடம் தேவையில்லை. 60 அடிக்கு மேற்பட்ட சாலையில் தேவை.

மனை வாங்கப் போகிறேன். தெரு விஷயத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

அங்கீகரித்த வரைபடத்தின் நகலை வாங்கி, டேப்போடு மனைக்குப் போங்கள். வரைபடத்தில் உள்ள அகலம் தரையில் இருக்கிறதா? தெருக்களைத் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு ஒப்படைத்துவிட்டார்களா? ஒப்படைக்காத தெருவுக்கு விளக்கும் வடிகாலும் வராது. இடம் 10,000 சதுர மீட்டருக்கு மேல் என்றால், சாலை போக மீதியில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக விட்டே ஆக வேண்டும். அதுவும் ஒப்படைக்கப்பட்டதா என்று பாருங்கள்.

அதைவிட முக்கியமாக, அந்தத் தெரு அடுத்த மனைப்பிரிவோடு சேருகிறதா என்று பாருங்கள். ஒவ்வொருவரும் தங்கள் எல்லையில் சுவர் வைத்து முடித்துவிடுகிறார்கள். பக்கத்துப் பிரிவில் இருக்கும் கடைக்கு இருநூறு மீட்டரில் போக வேண்டியவர், நெடுஞ்சாலைக்குப் போய்ச் சுற்றி இரண்டு கிலோமீட்டர் போகிறார். வளரும் ஊரில் நெரிசலுக்குப் பெரிய காரணம் இதுதான் என்பது என் தீர்மானமான கருத்து. அகலம் குறைவு என்பதைவிட இணைப்பு இல்லை என்பதே நோய்.

எங்களுடையது பழைய, அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவு. இனி ஏதாவது செய்ய முடியுமா?

2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவுக்குத் தடை விதித்தது. அதன் பிறகு, 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான பிரிவுகளை வரன்முறைப்படுத்த 2017இல் அரசு விதி கொண்டுவந்தது. பத்திரம் சரியாகிவிட்டது, தெரு அதே குறுகல்தான். அங்கே இடித்து அகலப்படுத்துவது நடக்காத காரியம். ஒரே மட்டத் தளம், ஒருவழிப் போக்குவரத்து, மின்கம்பங்களை ஒரே பக்கத்துக்கு மாற்றுவது, யாராவது வீட்டை இடித்துக் கட்டும்போது முன்பக்கம் சில அடி விட வைப்பது. மெதுவாகத்தான் மாறும்.

இப்படியெல்லாம் செய்தால் செலவு கூடாதா?

முதல் தடவை கூடும். பெங்களூருவில் டெண்டர்ஷ்யூர் என்ற பெயரில் செய்த சாலைகளில் குடிநீர், கழிவுநீர், மின்சாரம், கேபிள் எல்லாவற்றையும் நடைபாதைக்கடியில் தனித்தனிப் பாதையில் விட்டார்கள். அதிகச் செலவு என்று பேச்சும் எழுந்தது. ஆனால் தார் போட்ட மறுவாரமே குடிநீர்க் குழாய்க்குத் தோண்டுவதும், மூடியது அமுங்குவதும், மறுபடி தார் போடுவதும் செலவில்லையா? வளரும் ஊர் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. தார் போடுமுன் ஒவ்வொரு வீட்டுக்கும் குறுக்கே ஒரு பிவிசி குழாயைப் புதைத்து வைத்தால்கூடப் பிற்பாடு தோண்டும் வேலை பாதியாகக் குறையும்.

சென்னை பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் அகல நடைபாதை திறந்தார்கள். அங்கே ஒரு மாலை போய் உட்கார்ந்து பாருங்கள். வீல்சேரில் தாத்தாவைத் தள்ளிக்கொண்டு குடும்பமாகக் கடைக்கு வருவதை நான் அங்கேதான் முதலில் பார்த்தேன்.

நாங்கள் எதிலிருந்து தொடங்குவது?

ஒரே ஒரு தெருவிலிருந்து. பள்ளிக்கோ சந்தைக்கோ போகும் தெருவாக இருக்கட்டும். இருபது மீட்டருக்கு ஒரு தடவை மதில் முதல் மதில் வரை அளந்து, ஒரு கட்டம் போட்ட தாளில் எது எங்கே நிற்கிறது என்று குறியுங்கள். காலை எட்டரைக்கும் மாலை நாலரைக்கும் அரை மணி நேரம் நின்று, எத்தனை பேர் நடக்கிறார்கள், எத்தனை மிதிவண்டி, எத்தனை கார் என்று எண்ணுங்கள். அந்தத் தாளோடு ஊராட்சி என்றால் கிராம சபைக்குப் போங்கள், நகர்ப்புறம் என்றால் வார்டுக்குள் பகுதிவாரியாகக் கூடும் ஏரியா சபைக்குப் போங்கள். எஸ்டிமேட் நகல் தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாயில் கேட்கலாம்.

கேட்க வேண்டிய நேரம் எஸ்டிமேட் தயாராகும் நேரம். டெண்டர் முடிந்த பிறகு ஒரு வரியைச் சேர்ப்பதற்கும் பொறியாளர் பல மேசைகளைத் தாண்ட வேண்டும். அதற்கு முன் என்றால், அவர் தன் பேனாவாலேயே எழுதிவிடலாம். உங்கள் வார்டு உதவிப் பொறியாளரை ஒரு நாள் காலையில் தெருவுக்குக் கூப்பிடுங்கள், டேப்பின் ஒரு முனையை அவர் கையில் கொடுங்கள்.